லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்

"பாண்டிச்சேரி பங்க்குல பெட்ரோல்ல என்னமோ கலக்குறான் தம்பி. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் குடுக்குது."

இந்தப் புகாரோடுதான் அந்தப் பழைய வேன் கடலூர் மஞ்சக்குப்பம் பட்டறைக்குள் நுழைந்தது. சார் கையில் துண்டுச்சீட்டுக் கணக்கு: போட்டது 20 லிட்டர், ஆறு நாளில் ஓடியது 82 கிலோமீட்டர். அதே ஆறு நாளும் பாண்டிக்கு வேலைக்குப் போய் வந்திருக்கிறார். ஒரு நாளைக்குப் போக வர எப்படியும் 45 கிலோமீட்டர். அவர் கணக்கு சரியென்றால் பாண்டி பஸ் ஸ்டாண்டு வழியிலேயே இருக்கும் கன்னியக்கோயிலுக்குக் குடிவந்திருக்க வேண்டும்.

"சார், ஸ்பீடு முள்ளு ஆடுதா?"

"அது அப்பப்பத் தூங்கும். நான் ரோட்டைப் பாத்துதானே ஓட்டுறேன்?"

பின்சீட்டிலிருந்து சார் வீட்டு அம்மா சேர்ந்துகொண்டார்: "அரியாங்குப்பம் தாண்டிப் பறக்குறப்பவும் முள்ளு முப்பதுலதான் நிக்கும். 'பாரு, மெதுவாத்தான் போறேன்'னு காட்டுவாரு."

இந்த மாதிரிப் பழைய வண்டியின் கேபிள் மீட்டரில் வேக முள்ளும் கிலோமீட்டர் எண்களும் ஒரே கயிற்றில் கட்டிய ரெண்டு மாடு. கியர்பாக்ஸில் உள்ள பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் கேபிளைச் சுற்றுகிறது. கேபிள் மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தம் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்க, முள் நகர்கிறது. எண்களை உருட்டுவதும் அதே சுழற்சிதான். ரெண்டும் ஒன்றாகப் படுத்தால் கேபிளையோ பினியனையோ பார்க்க வேண்டும். எண் ஓடி முள் மட்டும் படுத்தால் கோளாறு மீட்டருக்குள். இதைக்கூடப் பார்க்காமல் முதல் நாளே புது மீட்டர் வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்தாயிற்று. மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றினால், உள்கம்பி அழகாகச் சுற்றியது. "பாத்தீங்களா, கேபிள் நல்லாத்தான் இருக்கு, பெட்ரோல்தான்!" என்றார் சார். வெறுமனே சுற்றுவதை நம்பக் கூடாது. நுனியை ரெண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு சுற்றச் சொன்னபோது 'டக் டக்' என்று நழுவியது. பாரம் வந்ததும் கைவிடுகிறது.

உள்கம்பியை உருவிப் பார்த்தால், கியர்பாக்ஸ் பக்கத்துச் சதுர முனை சப்பிப்போட்ட ஆரஞ்சு மிட்டாய் மாதிரி உருண்டுபோயிருந்தது. சில நேரம் பிடிக்கும், சில நேரம் வழுக்கும். ஆறு நாளில் 82 வந்த கதை இதுதான். பினியனில் பல் எல்லாம் இருந்தது. அதன் நைலான் பல் மொட்டையாகியிருந்தால் புதுக் கேபிள் போட்டும் பலனில்லை. கேபிள் உறைக்குள் கியர் ஆயில் ஏறியிருந்தால் பினியன் சீலையும் மாற்ற வேண்டும்.

முனை ஏன் தேய்ந்தது? டேஷ்போர்டுக்குப் பின்னால் புதுப் பாட்டுப்பெட்டி. அதைத் திணித்தவர் கேபிளை முழங்கை மாதிரி மடக்கி வைத்திருக்கிறார். வளைவு ஒரு சாணுக்குக் குறைந்தால் கம்பி உறைக்குள் இறுகி, முள் முதலில் நடுங்கும், பிறகு முனை தேயும் அல்லது கம்பியே அறுந்துபோகும். புதுக் கேபிளுக்குக் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். மேல்பக்கம் ஒரு சாண் காய்ந்தே இருக்கட்டும். பஞ்சாமிர்தம் மாதிரி அப்பினால் அது மீட்டருக்குள் ஏறி முள்ளைப் பிடித்துக்கொள்ளும்.

புது வண்டிகளில் கேபிளே கிடையாது, சென்சார்தான். அங்கே எல்லா முள்ளும் படுத்தால் ஃபியூஸ். வேக முள் மட்டும் படுத்து, ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பின் விளக்கும் எரிந்தால் சக்கர சென்சாரைப் பாருங்கள். வண்டியில் சொருகிக் கோளாறு பார்க்கும் ஸ்கேனரில் வேகம் தெரிந்து முள் மட்டும் அசையாவிட்டால் மீட்டர். ஸ்கேனரிலும் பூஜ்யம் என்றால் சென்சார் அல்லது ஒயர். நம்மூர் உப்புக்காற்றுக்கு ஒயரை இணைக்கும் கப்ளர் பின்களில் பச்சை பூத்திருக்கும், முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பெருச்சாளி கடித்த ஒயரும் உண்டு. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த காரில் 80ஐத் தாண்டினால் கத்தும் பீப் திடீரென்று நின்றுவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம், வேகக் கணக்கே வண்டிக்குப் போகாமல் இருக்கலாம்.

சார் வேனுக்குப் புதுக் கேபிள் போட்டு, ரெட்டிச்சாவடி வரை ஓட்டம். போன் ஜிபிஎஸ் 50 காட்டும்போது முள் 53. மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது வழக்கம்தான். அடுத்த வாரம் துண்டுச்சீட்டில் லிட்டருக்கு 14 வந்தது. சார் முகத்தில் மட்டும் களையே இல்லை. அம்மா இப்போது முன்சீட்டுக்கு வந்துவிட்டார், வழியெல்லாம் முள்ளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வருகிறாராம்.

"தம்பி," என்று சார் காதோரம் குனிந்தார், "அந்தப் பழைய கேபிள் தூக்கிப் போட்டுடலையே?"