செல்விக்கு இரண்டு நம்பர்

2018 கோடையில் மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு டேட்டாபேஸ் வடிவமைக்கப் போனேன். அறுபது படுக்கை, ஒரு ஆபரேஷன் தியேட்டர், லேப், வாசலில் மருந்துக் கடை. அதற்கு முன் நான் செய்ததெல்லாம் அரிசி ஆலைக் கணக்கும் ஜவுளிக் கடை பில்லும்தான். நெல் மூட்டைக்கு இனிஷியல் மாறாது, புடவை பிரசவத்துக்குத் தாய் வீடு போகாது. அந்தத் தைரியத்தில் மூன்றே நாளில் டேபிள்களை, அதாவது தகவல் அட்டவணைகளை, வரைந்துவிட்டேன். நோயாளி, டாக்டர், படுக்கை, அட்மிஷன், லேப், மருந்து, பில். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரைமரி கீ (ஒரு வரியை இன்னொன்றோடு குழப்பாமல் அடையாளம் காட்டுவது), நடுநடுவே ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொரு டேபிளோடு இணைப்பது). காகிதத்தில் பார்க்கக் கோலம் மாதிரி இருந்தது.

மருந்து ஸ்டாக் பெரிதாகத் தொல்லை தரவில்லை. ஒரு மருந்துக்குப் பல பேட்ச், பேட்சுக்கு ஒரு காலாவதித் தேதி, முதலில் காலாவதியாவதை முதலில் கொடுத்துத் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான். என்னைப் படுத்தி எடுத்தது நோயாளி டேபிள்.

ரெக்கார்டு ரூமில் ஓர் அக்கா இருந்தார். இருபது வருஷத்து கேஸ் ஷீட்டும் அவர் பொறுப்பு. பழைய நோட்டுகளிலிருந்து பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். பெயர், இனிஷியல், ஊர் மூன்றும் சேர்ந்தால் ஆளைப் பிரித்துவிடலாம் என்று நம்பி, மூன்றுக்கும் சேர்த்து ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது அதே மூன்றும் இரண்டாம் தடவை வந்தால் ஏற்காத விதி, போட்டிருந்தேன். அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஆர். செல்வியும் அந்த எம். செல்வியும் ஒரே பொண்ணு. அது அப்பா இனிஷியல், இது வீட்டுக்காரர் இனிஷியல்."

"ஊரும் வேறயா இருக்கேக்கா?"

"பொறந்தது வடுவூர். கட்டிக் குடுத்தது குத்தாலம் பக்கம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கு."

செல்போனும் முதலில் அப்பாவுடையது, இப்போது கணவருடையது. எதையெல்லாம் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேனோ அதெல்லாம் ஒரே கல்யாணத்தில் மாறிவிட்டது. பழைய பெயருக்குக் கொடுத்த நோயாளி நம்பரில் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தது. புதிய நம்பரில் அந்த இடம் காலி. அக்கா பழைய கேஸ் ஷீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

குத்தாலம் அப்போது நாகை மாவட்டம். 2020ல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது, முகவரியோடு சேர்த்து டைப் செய்திருந்த மாவட்டப் பெயர்களை வரிவரியாகத் திருத்தினேன். நாகை 1991ல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது, திருவாரூர் 1997ல். எங்கள் தாத்தா வீட்டுப் பத்திரத்தில் இன்றும் தஞ்சாவூர் ஜில்லா என்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்காவது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

ஆதார் எண்ணையே கீயாக வைத்துவிடலாமே என்று கேட்பார்கள். பாம்பு கடித்த ஆளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவருவதைப் பார்க்காதவர்கள் கேட்கிற கேள்வி அது. பிறந்த குழந்தைக்கு ஆதாரும் கிடையாது, பெயரே கிடையாது.

கடைசியில் நோயாளி டேபிளைக் கிட்டத்தட்ட மொட்டையாக்கினேன். நாங்களே கொடுக்கும் ஒரு நம்பர், பாலினம், பிறந்த தேதி. பெயர்கள் தனி டேபிளில், எந்த நாளிலிருந்து அந்தப் பெயர் என்பதோடு. முகவரியும் போனும் ஒவ்வொரு வருகைக்கும் தனி. ஒவ்வாமை மட்டும் ஆளோடு ஒட்டியே இருக்கும். பிறந்த தேதிக்குப் பக்கத்தில் "உறுதி", "உத்தேசம்" என்று இன்னொரு ஃபீல்டு. "அம்பத்திரண்டு புயல்ல நான் கைக்குழந்தை" என்று சொன்ன ஒரு பெரியவரால் வந்தது அது. அந்தப் புயல் நாகையில் அடித்தது 1952 நவம்பர் இறுதியில். பிறந்த வருஷம் ஓரளவு கிடைத்துவிடுகிறது, தேதி கிடைக்காது. வயது 66 என்று நேராக எழுதிவைத்தால் அடுத்த வருஷமே தப்பு.

செல்வியின் இரண்டு நம்பரையும் சேர்க்க வேண்டும். பழையதை அழித்துவிடலாம் என்றேன். "அந்த நம்பர் போட்ட ஓ.பி. நோட்டு அவங்க வீட்டு பீரோல இருக்கும் தம்பி, அதைத்தான் எடுத்துட்டு வரும்" என்றார் அக்கா. அதனால் பழைய நம்பரை வைத்துக்கொண்டு, அதைக் கேட்டால் புதிய நம்பரைக் காட்டும்படி செய்தேன். சேர்த்ததைப் பிரிக்கவும் வழி வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒரே பெயர், ஒரே தெரு என்று இரண்டு பெரியவர்களை கவுன்ட்டர் பையன் ஒருவராக்கிவிட்டான். அதில் ஒருவர் சர்க்கரைக்காரர். யாருடைய ரிசல்ட் எது என்று பிரிக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. ஒரு ஆளுக்கு இரண்டு நம்பர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்களுக்குப் பன்னிரண்டு நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் தியேட்டருக்கும் வார்டுக்குமே சரியாகப் போனது. நர்ஸ்கள் கோடு போட்ட நோட்டில் எழுதினார்கள். ஓடு விழுந்து மண்டை உடைந்தவர்கள், விழுந்த தென்னையை வெட்டப்போய்க் காலை வெட்டிக்கொண்டவர்கள். கரண்ட் வந்ததும் இரண்டு பேர் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினார்கள். பில் போட்டால் பல பேருக்குப் படுக்கை வாடகை மைனஸில் வந்தது. அட்மிஷன் நேரத்தை ஆட்கள் டைப் செய்ய வேண்டாம், கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளட்டும் என்று நான்தான் கெட்டிக்காரத்தனமாக வைத்திருந்தேன். பன்னிரண்டு நாள் நோயாளிகளும் ஒரே மத்தியானத்தில் அட்மிட் ஆகி, போன வாரமே டிஸ்சார்ஜும் ஆகியிருந்தார்கள்.

அன்றிலிருந்து எல்லா டேபிளிலும் நடந்த நேரம் ஒன்று, பதிந்த நேரம் ஒன்று. பாம்புக்கடிக்கு இது ரொம்ப முக்கியம். காய்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் இருபது நிமிஷம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. எப்போது கடித்தது என்று கேட்டால் "விளக்கு வைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்பார்கள். அந்த வார்த்தையையும் அப்படியே எழுத ஓர் இடம் விட்டேன். டாக்டருக்கு நான் போடும் 18:00-ஐ விட அது உதவியாக இருந்தது.

பிரசவ வார்டில் இன்னொரு கூத்து. ஒரு படுக்கைக்கு ஒரு நோயாளி என்று விதி வைத்திருந்தேன். செல்விக்கு இரட்டைக் குழந்தை. அம்மா படுக்கையில் குழந்தையைப் போட சிஸ்டம் மறுத்துவிட்டது. பெயர் ஃபீல்டைக் காலியாக விட முடியாததால் "பேபி 1 ஆஃப் செல்வி", "பேபி 2 ஆஃப் செல்வி" என்று பதிந்தோம். படுக்கை விதியை அன்று இரவே தளர்த்தினேன்.

போன வருஷம் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். ஓ.பி. ஹாலில் ஸ்பீக்கர் "பேபி டூ ஆஃப் செல்வி" என்று கூப்பிட்டது. ஸ்கூல் பையோடு ஒரு பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தான். பெயர் வைத்ததை மருத்துவமனைக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு வயது தாண்டியும் பெயர் "பேபி" என்று இருந்தால் சீட்டு போடுவதற்கு முன் கவுன்ட்டரில் கேட்கும்படி ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.