வேலையை விட்டுத் தூக்கியும் 16 வருஷம் சம்பளம்

ஹாக்கின்னு சொன்னா நமக்குப் புல்தரைதான். நான் சொல்றது வட அமெரிக்காவோட ஐஸ் ஹாக்கி லீக், என்ஹெச்எல்.

ரிக் டிபியெட்ரோன்னு ஒரு கோல்கீப்பர். 2006-ல நியூயார்க் ஐலண்டர்ஸ் அவரோட 15 வருஷத்துக்கு 6.75 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாங்க. அப்புறம் காயத்துக்கு மேல காயம். 2013-ல "போதும்ப்பா"ன்னு அணியே கணக்கை முடிச்சது. முடிச்சதுன்னா சும்மா இல்ல. 26 வயசு ஆன வீரர்னா பாக்கிச் சம்பளத்துல மூணுல ரெண்டு பங்கு கொடுத்தாகணும். அதையும் மிச்ச வருஷத்தைப் போல ரெண்டு மடங்கு காலத்துக்குப் பிரிச்சுக் கொடுக்கலாம். பாக்கி 8 வருஷம், 3.6 கோடி. ஆக 2.4 கோடி, 16 தவணை. வருஷம் 15 லட்சம் டாலர், 2029 வரைக்கும்! (நம்மாளு மூணு மாச நோட்டீஸ் பீரியடுக்கே ஹெச்ஆரோட மல்லுக்கட்டுறான்.)

26 வயசுக்குள்ளன்னா மூணுல ஒரு பங்குதான். சின்னப் பசங்கன்னா இளக்காரம் போல.

எக்மன்-லார்சன்னு இன்னொரு வீரர், அவர் கதை இன்னும் ஜோர். 2023-ல வான்கூவர் அணி இதே மாதிரி காசைக் கொடுத்து அனுப்பி வச்சது. மனுஷன் ஃபுளோரிடா அணிக்குப் போய் அடுத்த வருஷமே ஸ்டான்லி கோப்பையை, அதான் என்ஹெச்எல் சாம்பியன் கோப்பையை, தூக்கிட்டாரு.

தலைகீழாவும் நடக்கும். அதே 2013-ல இல்யா கோவல்சுக்ங்கிற வீரர் 12 வருஷ ஒப்பந்தம் மிச்சமிருக்க, சுமார் 7.7 கோடி டாலரை நியூஜெர்சி அணிகிட்டயே விட்டுட்டு "ஓய்வு"ன்னு ரஷ்யாவுக்குக் கிளம்பிட்டாரு. அங்க போய் சும்மாவா இருந்தாரு? ஆடினாரு!