பழைய வண்டிக்கு உரிய இழப்பீடு

நிறுத்தி வைத்திருந்த என் வண்டியின் மீது காற்றில் மரம் சாய்ந்து, கூரையும் பின்பாதியும் நசுங்கிப்போன மூன்றாம் வாரத்தில், காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் மதிப்பை மிஞ்சுவதால் அதை முழுச் சேதமாகக் கொள்வதாகவும், குறிப்பிட்ட தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள விரும்புவதாகவும் எழுதியிருந்தார்கள். வண்டிக்கு வயது 24 என்பது உண்மைதான். ஆனால் எஞ்சினுக்கு வயது 4. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றியிருந்தேன். துருவேறிய தரைத்தகட்டை முழுவதும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்திருந்தேன். கடிதத்தில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதில் வஞ்சகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. விபத்துக்கு முந்தைய நிமிடத்தில் வண்டி என்ன விலை பெற்றிருக்குமோ அதை ஈடுசெய்வதே சந்தை மதிப்புப் பாலிசியின் அடிப்படை. அந்த விலையைக் கணக்கிட மாடல், தயாரித்த ஆண்டு, ஓடிய தூரம், தேய்மானம் ஆகியவற்றைக் கொண்ட பட்டியலைப் பார்க்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டியைத்தான் அந்தப் பட்டியல் அறியும். அதற்குப் பிறகு நாம் செய்த வேலையை நாம்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

அப்படிக் காட்டுவதற்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. செய்த மாற்றங்களைக் காப்பீட்டாளரிடம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். இது பழைய சட்டக்கொள்கை. இடரின் உண்மை நிலை காப்பீடு எடுப்பவருக்கே தெரியும் என்பதால் அவர் அதை மறைக்கக்கூடாது என்று 1766இல் இங்கிலாந்தின் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு ஒரு வழக்கில் எடுத்துரைத்தார். பிரீமியம் கூடிவிடும் என்று அஞ்சி எஞ்சின் மாற்றத்தைச் சொல்லாமல் விடுபவர்கள், கிளைம் முழுவதையுமே இழக்க நேரிடலாம். எஞ்சின், பிரேக், தரைத்தகடு மூன்றையும் பற்றி நான் கடிதம் எழுதி ஒப்புகை வாங்கியிருந்தேன். இருக்கைகளையும் ஒலிபெருக்கிகளையும் பற்றித் தெரிவிக்கவில்லை. அவற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

பில்களைக் கூட்டி அந்தத் தொகையைக் கேட்கலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். என் மெக்கானிக் தடுத்தார். செலவு வேறு, மதிப்பு வேறு. நமக்குப் பிடித்த வண்ணப்பூச்சுக்கு வாங்குபவர் காசு கொடுப்பதில்லை, சில மாற்றங்கள் விலையைக் குறைக்கவும் செய்யும் என்று பொறுமையாக விளக்கினார். ஆகவே, இதே நிலையில் உள்ள இன்னொரு வண்டியை இன்று வாங்க எவ்வளவு ஆகும் என்பதை நிறுவ முயன்றேன். அதே மாடலுக்கான 6 விற்பனை விளம்பரங்களைத் தேதியோடு சேகரித்தேன். அவற்றில் 2 வண்டிகள் எஞ்சின் மாற்றப்பட்டவை. கேட்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு என்பதால் தனி மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்து மூலம் அறிக்கையும் பெற்றேன்.

ஆனால் காரியத்தை நகர்த்தியது ஒரு புகைப்படம்தான் என்று நம்புகிறேன். தரைத்தகட்டைப் பற்றவைத்த அன்று, வண்ணம் அடிப்பதற்கு முன், வெல்டிங் தையல் கதவின் அடியிலிருந்து சக்கர வளைவு வரை பளபளவென்று தெரியும்படி மெக்கானிக் எடுத்துக் கொடுத்த படம் அது. அதன் பின்னால் கிரீஸ் கறை படிந்த ரசீதை இணைத்திருந்தேன். சேதத்தை மதிப்பிட மறு ஆய்வுக்கு வந்த சர்வேயர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து, நசுங்கிய கதவின் கீழே விரலால் தடவிப் பார்த்தார்.

அதற்கு முன்பே, தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள், எந்தெந்த வண்டிகளோடு ஒப்பிட்டீர்கள் என்று எழுத்தில் கேட்டிருந்தேன். முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்ற படிவத்தில் கையெழுத்திடவில்லை; அதில் கையெழுத்திட்ட பிறகு கிளைமை மீண்டும் திறப்பது மிகக் கடினம். வண்டியிலிருந்து ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவும் இல்லை. முழுச் சேதத்துக்குத் தொகை கொடுத்த பின் உடைந்த வண்டி பெரும்பாலும் காப்பீட்டாளருக்கே உரியதாகிவிடும். அதை நாமே வைத்துக்கொள்வதாயின், உடைந்த நிலையில் அது பெறும் விலையான எச்ச மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

இரண்டாவது முறை வந்த தொகை முதலாவதைவிடப் பாதிக்கும் சற்று அதிகமாகக் கூடியிருந்தது. நான் கேட்டது முழுவதும் அல்ல. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் எழுதியிருந்ததால் ஏற்றுக்கொண்டேன். எச்ச மதிப்பைக் கழிக்கச் சொல்லி உடைந்த வண்டியையும் வாங்கிக்கொண்டேன்.

இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள், ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். இழப்புக்கு முன்பே இரு தரப்பும் ஒரு தொகையை எழுதி ஒப்புக்கொள்வதால், முழுச் சேதத்தின்போது தேய்மானம் பற்றிய வாதம் எழுவதில்லை. பிரீமியம் கூடுதலாக இருக்கலாம். வேலை செய்யச் செய்ய அந்தத் தொகையைப் புதுப்பிக்கவும் வேண்டும். உடைந்த வண்டியிலிருந்து பின்னர் இறக்கி வைத்த எஞ்சின் இப்போது தார்ப்பாய்க்குள் இருக்கிறது. அது ஏறப்போகும் வண்டிக்கான மதிப்பீட்டு அறிக்கையும், காப்பீட்டாளருக்கு எழுதிய கடிதத்தின் ஒப்புகையும் கைக்கு வந்த பிறகே அதைப் பொருத்துவதாக மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன்.