கபிலேய்ராவில் கூரை ஒழுகியபோது

நவம்பரின் முதல் பெருமழையில் அடுப்பங்கரையில் சொட்டத் தொடங்கியது. நாங்கள் வாடகைக்கு எடுத்த வீடு கபிலேய்ராவில் இருக்கிறது. ஸ்பெயினின் தெற்கே, சியரா நெவாதா மலைச்சரிவில் 1,400 மீட்டருக்கு மேலே உள்ள வெள்ளைச் சுவர் ஊர். கூரை ஓடு கிடையாது, மொட்டை மாடிதான். கஷ்கொட்டை மர உத்தரம், அதன்மேல் வரிச்சும் பலகைக்கல்லும், எல்லாவற்றுக்கும் மேல் லவுனா என்னும் நீலச்சாம்பல் மண்.

கீழே நகரத்திலிருந்து வந்த கொத்தனார் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். ஜனவரிப் பனியில் அது விரிசல் விட்டது. விரிசல் வழியே இறங்கிய நீர் வெளியேற வழியின்றி உத்தரத்தை ஊற வைத்தது. விரலால் அழுத்தினால் மரம் பொதுக்கென்று உள்ளே போயிற்று. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏறிப் பார்த்தார். "மகளே, ஒழுகுகிற இடம் வேறு, ஓட்டை வேறு. கோடை வரட்டும்" என்றார்.

இந்தப் பள்ளத்தாக்கு 1982 முதல் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியப் பகுதி. ஆகவே வீட்டுக்காரர் ஊராட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பழைய முறையிலேயே செய்வோம் என்று எழுதிக் கொடுத்தோம்.

ஆகஸ்டில், தேய்பிறை நாளாகப் பார்த்து, வேலை தொடங்கியது. வளர்பிறையில் போட்ட லவுனா நிற்காது என்பது இங்குள்ள பெரியவர்களின் நம்பிக்கை. நானும் அதை மீறத் துணியவில்லை. சிமெண்ட்டைப் பெயர்த்தோம். இற்றுப்போன உத்தரத்தை மாற்றினோம். புல்வேர்களைப் பிடுங்குவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. வேர் போகும் வழியில்தான் நீரும் போகும். பிறகு கூடை கூடையாக லவுனாவை ஏற்றி, உலர்ந்த நிலையிலேயே ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினோம். கையில் அள்ளினால் மீன் செதில் போல உதிர்கிறது. நனைந்ததும் சோப்பாக வழுக்கி, ஒன்றோடொன்று இறுகித் தண்ணீரைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் ஈரத்தில் அதன்மேல் கால் வைக்கவே கூடாது. ஓரத்தில் பலகைக்கற்களை வெளியே நீட்டி வைத்தோம், சுவரில் நீர் வழியாமல் இருக்க.

இப்படிக் கூரை வேய்ந்தவர்கள் மொரிஸ்கோக்கள், ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்து முஸ்லிம் மக்களின் வழிவந்தவர்கள். 1568இல் அரசை எதிர்த்து எழுந்தார்கள், தோற்றார்கள், இந்த மலைகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். அவர்கள் வீடுகளில் வேற்றூரார் குடியேற்றப்பட்டனர். ஆனாலும் கூரை போடும் முறை அழியவில்லை. அந்த மண்ணை அள்ளும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மறு நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. அடுப்பங்கரையில் பாத்திரம் வைத்துக் காத்திருந்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால், வாசலில் மரத்துடுப்பு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பனி விழுந்ததும் கூரையிலிருந்து அதை வாரித் தள்ளப் பெரியவர் கொண்டு வந்து வைத்தது. இரும்பு மண்வெட்டி பட்டால் லவுனா கிழிந்துவிடுமாம்.