கன்னியாகுமரி படகு வரிசையில் மாலத்தீவுப் பேச்சு

"கடல் வத்திக் கெடக்கு மக்கா, இப்பம் படகு விடமாட்டாவ."

வரிசைக்கு அந்தப் பக்கம் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த வாவத்துறைப் பெரியவர் இப்படிச் சொன்னபோது காலை எட்டு மணி. அத்தானும் நானும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் சூரிய உதயம் பார்த்துவிட்டு, சாயாவும் பழம்பஜ்ஜியும் முடித்து, ஏழு மணிக்கே விவேகானந்தர் பாறைக்கான வரிசையில் வந்து நின்றிருந்தோம். நீர்மட்டம் தாழ்ந்தால் இங்கே படகின் அடி பாறையில் தட்டும். தண்ணீர் ஏறும்வரை பொறுக்கத்தான் வேண்டும். அது கடலின் கணக்கு. ஆனால் எங்களுக்கு முன்னும் பின்னுமாக நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் எத்தனை மணிக்குப் படகு என்று தெரியாததுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அத்தானுக்கு அது இன்னும் உறுத்தியிருக்கும். குளச்சல்காரரான அவர் பதினொரு வருடமாக மாலத்தீவில் மாஃபுஷி என்ற தீவில் ஒரு விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். "அங்க காலையில எந்திரிச்ச உடனே முதல் வேலை படகு நேரம் பாக்குறதுதான் மச்சான். காத்து வருதா, படகு உண்டா இல்லையான்னு தெரியாம ஒரு விருந்தாளியக்கூட ரூமை விட்டு எறக்க மாட்டோம்" என்றார்.

போன பிப்ரவரியில் நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நம் ஊர்க்காரர்களுக்கு மாலத்தீவு உண்மையில் பக்கத்து வீடு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் போக ஆகும் நேரத்தைவிட அங்கிருந்து மாலே பறக்கும் நேரம் பெரிதாக அதிகமில்லை. இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அவ்வளவுதான்.

நான் மலைத்துப் போன இடம் விமான நிலைய வாசல். வெளியே வந்தால் டாக்சி ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் படகுத்துறை! விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற தனித் தீவு. 2018-ல் பாலம் திறக்கும்வரை எதிரே தெரியும் தலைநகருக்குப் போகவும் படகுதான். சுமார் 1,200 தீவுகள், எல்லாவற்றின் நிலத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர். நம் குமரி மாவட்டமே 1,670 சதுர கிலோமீட்டருக்கு மேல். அந்தத் துண்டு துண்டான நிலத்தில் ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். 2024-ல் மட்டும் வந்த சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல்.

மொழி புரியவில்லை என்றாலும் காதில் விழுந்த சில சொற்கள் நம் வீட்டுச் சொற்கள். அவர்கள் படகின் பெயர் தோணி. நம் பாட்டிமார் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக்கருவாடு அந்தக் கடலின் சூரை மீன்தான். இளநீர்க் காய்க்கு அவர்கள் சொல்வது குரும்பா, நம் குரும்பை. 1972-ல் அந்த நாட்டில் முதன்முதலாகத் திறந்த விடுதிக்கும் அதுதான் பெயர். வெறும் 30 அறைகள். அதற்குமுன் மீன்பிடியை நம்பியிருந்த நாடு அது.

நாளடைவில் அந்த நாட்டு அரசு பிடித்த பிடி, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது. ஆள் இல்லாத தீவை அரசு குத்தகைக்குக் கொடுக்கும். விருந்தினர் விமானத்திலிருந்து இறங்கி, படகிலோ கடல் விமானத்திலோ நேராக அங்கே போய்விடுவார். மக்கள் வாழும் தீவில் மது கிடையாது, விடுதித் தீவில் தடையில்லை. சுற்றுலாவில் பணம் வந்தது, ஊரின் வாழ்க்கையும் கலையவில்லை. ஆனால் ஊர்க்காரனுக்கு அந்த வருமானத்தில் நேரடியாகக் கை வைக்க வழியே இல்லாமல் இருந்தது. 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதி நடத்த அனுமதித்தார்கள். அந்த அரசு எடுத்த முடிவுகளிலேயே இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மாஃபுஷியில் நான் பார்த்த சின்ன விடுதிகளும் அத்தானின் வேலையும் அதனால் வந்தவை. வெளிநாட்டவர் நீச்சலுடையில் குளிக்க ஒரு கடற்கரையைத் தனியாக மறைத்து ஒதுக்கியிருக்கிறார்கள், பள்ளிவாசல் தெருவில் மேலாடை போட்டுத்தான் நடக்க வேண்டும். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு விரைவுப் படகு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அரசு நிறுவனத்தின் சாதாரணப் படகு ஒன்றரை மணி நேரம். நான் சாதாரணப் படகில் போனேன். பள்ளிப் பிள்ளைகள், முட்டை அட்டைகள், ஒரு சலவை இயந்திரம், என்னைப்போல இரண்டு மூன்று வெளியூர்க்காரர்கள். பெரும்பாலான தடங்களில் வெள்ளிக்கிழமை அது ஓடாது. அது தெரியாமல் வருகிறவர்கள் மாலேயில் ஒரு நாள் மாட்டிக்கொள்வார்களாம்.

கிளம்பும்போது விடுதிக் கணக்குச் சீட்டில் பசுமை வரி என்று தனியாக ஒரு தொகை இருந்தது. ஆளுக்கு, நாளுக்கு இத்தனை டாலர் என்று 2015-லிருந்து வாங்குகிறார்கள். 2025 ஜனவரியில் அதை இரட்டிப்பாக்கினார்கள். பெரிய விடுதிகளில் 12 டாலர், மக்கள் வாழும் தீவுகளின் சிறிய விடுதிகளில் 6 டாலர். குப்பையும் கழிவுநீரும்தான் அந்த நாட்டின் பெரும் தலைவலி. மாலேயின் குப்பையைக் கொட்டித் திலஃபுஷி என்று ஒரு தீவே 1992-லிருந்து வளர்ந்திருக்கிறது. வரி வாங்கியும் அந்தத் தீவு இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வந்து போகிறவனிடம் நீ விட்டுப் போகும் குப்பைக்கு இது என்று சொல்லியே வாங்குவது எனக்கு நேர்மையாகப் பட்டது.

"எல்லாம் ஒரே நாள்ல நின்னுபோறதையும் நான் பாத்தேனே" என்றார் அத்தான். கொரோனாவால் 2020 மார்ச் 27 அன்று எல்லையை மூடினார்கள். மாஃபுஷியில் விருந்தாளி ஒருவர்கூட இல்லை, சம்பளமும் இல்லை. ஜூன் மாதம் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் மாலேயிலிருந்து சுமார் 700 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது நினைவிருக்கிறதா? அதில் அத்தானும் இருந்தார். அக்கா தொலைக்காட்சி முன்னாலேயே உட்கார்ந்து, கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முகமாகத் தேடியதை நான் மறக்கவே முடியாது. ஜூலை 15 அன்று நாட்டைத் திறந்தபோது முதலில் விடுதித் தீவுகளுக்கு மட்டும்தான் அனுமதி. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதால் நோய் வந்தாலும் அந்தத் தீவோடு நிறுத்திவிடலாம் என்பது கணக்கு. மக்கள் வாழும் தீவுகளுக்கு அக்டோபர் வரை பொறுக்கச் சொன்னார்கள். அத்தான் அந்த மாதங்கள் முழுக்க குளச்சலில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்.

அப்புறம் 2024 தொடக்கத்தில் இரு நாட்டுக்கும் நடுவே எழுந்த மனக்கசப்பில் இந்தியப் பயணிகள் சட்டென்று குறைந்தார்கள். அவர் விடுதியிலும் முன்பதிவுகள் ரத்தாயின. விமானத்தில் வருகிறவர்களை நம்பிய நாட்டுக்கு மீன் குறைந்த பருவம்போல இப்படியும் ஒரு பருவம் வரும்.

வெயில் ஏறிவிட்டது. பிள்ளைகள் என் நிழலில் ஒண்டினார்கள். வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து பேருந்து பிடித்து வந்த கூட்டம், தூக்குச் சட்டியில் புளிசாதம். ஐயப்ப மாலை போட்டவர்கள். பள்ளிச் சுற்றுலா வந்த பெண் பிள்ளைகள். இங்கேயும் அப்படி வரி வைத்தால், இவர்களில் பலருக்கு ஆளுக்கு ஒரு நாளுக்கு 6 டாலர் என்பது குடும்பத்தோடு வரவே முடியாத தொகை. மாலத்தீவு பெரும்பாலும் ஒரே வாசலை வைத்து அங்கேயே ஆளை எண்ணிவிடுகிறது. குமரி முனைக்கு எல்லாத் திசையிலும் வாசல். யாரும் கையில் இருப்பதைக் கொண்டு வரலாம், முக்கடலில் கால் நனைக்கலாம். அது அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். நீர்மட்டம் தாழ்ந்திருக்கிறது, இத்தனை மணிக்குப் பாருங்கள் என்று பேருந்து நிலையத்திலேயே ஒரு பலகை வைத்தால் போதும். இந்த அம்மாமார் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

பத்தரைக்குப் படகு வந்தது. எங்களுக்கு முன்னால் அந்தக் கூட்டத்துப் பாட்டி ஒருவர், ஆடும் படகைப் பார்த்துக் காலைப் பின்னால் இழுத்தார். அத்தான் முழங்கைக்குக் கீழே கை கொடுத்தார். "படகு மேல வரும்போது வைங்க பாட்டி... இப்பம்." பதினொரு வருடம் தினமும் செய்கிற வேலை, பாட்டி நோகாமல் ஏறிவிட்டார்.

பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். 2024 டிசம்பர் 30 அன்று திறந்ததிலிருந்து சிலைக்குத் தனியாகப் படகு ஏற வேண்டியதில்லை. பாட்டி கண்ணாடியை மிதிக்க மாட்டேன் என்று ஓரமாகவே நடந்து வந்தார். சிலையின் காலடியில் நின்று தென்மேற்கே வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கடல் இதுக்கு மேல எங்கப்பா போகுது?"

"நான் வேலை பாக்குற ஊருக்குப் பாட்டி" என்றார் அத்தான்.