முன்மேசைக் கேள்வி முதல் 28-ஆம் நாள் ஊசி வரை

ஆஸ்திரேலியக் கிளினிக்குகளில் முன்மேசையிலும் நர்ஸாகவும் டாக்டராகவும் நம்மவர் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். பூர்வகுடிக் குடும்பம் ஒன்று 715 பரிசோதனைக்கு (பூர்வகுடியினருக்கான முழு உடல்நலப் பரிசோதனை; 715 என்பது அதன் மெடிகேர் எண்) வந்தால் என்ன செய்வது என்று 'கல்ச்சுரல் சேஃப்டி' ஆன்லைன் பயிற்சியில் படித்திருப்பார்கள்; மெடிகேர் என்பது அரசு மருத்துவக் காப்பீடு. சான்றிதழும் கையில் இருக்கும். வேலை சிக்கிக்கொள்வதெல்லாம் பயிற்சி தொடாத இடங்களில்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறோம்.

'கல்ச்சுரல் சேஃப்டி' என்பதைப் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று எழுதினால் பழைய கலைகளைக் காப்பாற்றும் வேலை போலக் கேட்கிறது. நியூசிலாந்தின் மாவோரி நர்ஸ் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வளர்த்தெடுத்த கருத்து இது. இந்த இடத்தில் எனக்குப் பயமில்லை, அவமானமில்லை என்று சொல்ல வேண்டியவர் சிகிச்சை பெறுபவர். கொடுப்பவர் தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது. நடைமுறையில் நமக்குத் தெரியவருவது ஒன்றே ஒன்று: அந்தக் குடும்பம் மறுபடி வந்ததா?

முன்மேசைக் கேள்வி இது: "நீங்கள் அபோரிஜினல் அல்லது டோரஸ் நீரிணைத் தீவு வம்சாவளியினரா?" வருகிற எல்லோரிடமும் கேட்க வேண்டும், பொன்னிறத் தலைமுடிக்காரரிடமும்கூட. தோலைப் பார்த்து ஊகித்துவிட்டுக் கட்டத்தை நிரப்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு. (நிறத்தை வைத்து ஆளை எடைபோடுவதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை.) "ஆம்" என்றால் ஆதாரம் கேட்கக்கூடாது, பாதியா, கால்வாசியா என்ற பேச்சே வரக்கூடாது. குரலைத் தாழ்த்திக் கேட்டாலும் ஏதோ வெட்கப்பட வேண்டிய விஷயம் போலாகிவிடும். பிறந்த தேதியைக் கேட்கும் அதே குரலில், "எல்லோரிடமும் கேட்கிறோம், இதனால் சில சேவைகள் கிடைக்கும்" என்று சொல்லிக் கேட்டால் போதும். சிலர் சொல்ல மாட்டார்கள். 1970-கள் வரை அரசே குழந்தைகளைப் பிரித்துக் கொண்டுபோன நாட்டில், படிவத்தில் போட்ட குறி எங்கே போய்ச் சேருமோ என்ற சந்தேகம் நியாயமானது. வற்புறுத்த வேண்டாம். விவரங்களைப் புதுப்பிக்கும்போது இன்னொரு முறை கேட்கலாம்.

அடுத்த சிக்கல் 'தாய்' என்ற கட்டம். குழந்தையைக் கூட்டிவந்தவர் தன்னை அம்மா என்கிறார், மெடிகேர் அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. பல பூர்வகுடி உறவுமுறைகளில் அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான். பெரியம்மா, சின்னம்மா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் குழப்பமே இருக்கக்கூடாது. "நிஜ அம்மா நீங்கள்தானா?" என்று கேட்டால் குடும்பம் அப்படியே வாசலைப் பார்க்கத் திரும்பிவிடும். "பிள்ளையை யார் யார் பார்த்துக்கொள்கிறீர்கள்? சிகிச்சைக்குச் சம்மதம் சொல்வது யார்?" என்று கேளுங்கள். தேவைப்பட்டால் அவரைப் போனில் பிடிக்கலாம்.

இனி 715. ஒருவருக்கு 9 மாதத்துக்கு ஒரு முறைதான் மெடிகேர் பணம் தரும். ஊர் மாறிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு வேறு கிளினிக்கில் ஏற்கெனவே முடிந்திருக்கலாம். வரும் முன்பே பார்த்துவிடுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பதினைந்து நிமிட இடைவெளியில் செருகினால் அது கட்டங்களில் குறி போடும் வேலையாக மட்டுமே முடியும். தகவல் திரட்டுவதை நர்ஸோ பூர்வகுடி ஹெல்த் பிராக்டிஷனரோ செய்யலாம், ஆனால் டாக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும். பூர்வகுடி ஊழியர் ஒருவரை அறையில் உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சின்ன ஊரில் அவர் நோயாளியின் மைத்துனியாக இருக்கலாம், தன் அந்தரங்கம் அவர் காதில் விழுந்துவிடுமோ என்ற தயக்கம் நோயாளிக்கு வரும். முதலில் நோயாளியிடம் தனியாகக் கேளுங்கள். பெண்களின் உடல் விஷயம் பெண்ணிடம், ஆண்களுடையது ஆணிடம். கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு மாதிரியைத் தானே எடுத்துக்கொள்ளும் வழி 2022 ஜூலை முதல் எல்லோருக்கும் உண்டு, அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

பேச்சில் பெரிய பொறி "ஆமாம்". மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, சொன்னது புரிந்ததா, அடுத்த வாரம் வருவீர்களா என்று கேட்டால் மூன்றுக்கும் "ஆமாம்" வரும். எதிரே இருப்பவரைச் சங்கடப்படுத்தாமல் பேச்சை முடித்துக்கொள்ளும் வழி அது. அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டால் பிறகு 'ஒத்துழைக்காதவர்' என்ற பட்டமும் அவருக்கே வந்து சேரும். "காலையில் எழுந்ததிலிருந்து எந்த மாத்திரையை எப்போது போடுகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டால் "ஆமாம்" சொல்லித் தப்ப முடியாது. கேட்டபின் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கண்ணைப் பார்க்காமல் இருப்பது மரியாதையாகவும் இருக்கலாம்.

715-ஐ முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டு அத்தோடு விட்டுவிடும் கிளினிக்குகள் உண்டு. இதைவிட வெளிப்படையான அவமதிப்பு வேறில்லை. 715-இன் தொடர்ச்சியாக ஒரு காலண்டர் ஆண்டில் நர்ஸ் அல்லது ஹெல்த் பிராக்டிஷனரை 10 முறை பார்க்கலாம் (மெடிகேர் எண் 10987). பிசியோ, கால் பராமரிப்பு, உணவு ஆலோசனை போன்றவற்றுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டுத்தான் குடும்பத்தை அனுப்ப வேண்டும்.

பூர்வகுடியினருக்கு மருந்து விலையைக் குறைக்க 'குளோசிங் த கேப்' என்ற அரசுத் திட்டப் பதிவு இருக்கிறது. ஒரு முறை பதிந்தால் போதும். சலுகை அட்டை உள்ளவருக்கு பிபிஎஸ் (அரசு மானியப் பட்டியல்) மருந்துக்குக் கட்டணமில்லை, அட்டை இல்லாதவருக்குச் சலுகை விலையான 7.70 டாலர். விலை கூடிய பிராண்டுக்கான கூடுதல் தொகை மட்டும் தனி. தவறு நடப்பது இரண்டு இடத்தில்: அம்மாவைப் பதிந்துவிட்டுப் பிள்ளைகளை விட்டுவிடுவது (ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிய வேண்டும்), மெடிகேரில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாதது. இரண்டுமே பார்மசி மேசையில், பின்னால் வரிசை நிற்கும்போது வெளிப்படும். மருந்தை வாங்காமலே திரும்பிப் போய்விடுவார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது மொழிபெயர்ப்பாளரின் மொழியை மட்டும் பார்த்தால் போதாது. மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பேசக்கூடாத சமூகங்கள் உண்டு. யார் வரப்போகிறார் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

கடைசியாக ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளை. இதயம் கெடாமலிருக்க 28 நாளுக்கு ஒரு முறை பென்சதீன் பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. 20 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 12 லட்சம் யூனிட், அதாவது கெட்டியான 2.3 மில்லி தசைக்குள் போக வேண்டும். வலிக்கும். முதல் இரண்டு ஊசி எப்படிப் போகிறது என்பதுதான் அடுத்த நூறை முடிவு செய்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைக் கையில் வைத்துச் சூடேற்றுங்கள். ஸ்பிரிட் முழுதாகக் காயட்டும், போடும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்துங்கள், பிறகு இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள். தொடையா இடுப்பா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். யாரும் பிடித்து அமுக்கக்கூடாது.

28-ஆம் நாள் கடைசி வரம்பு. அழைப்பை 21-ஆம் நாளிலேயே தொடங்குங்கள். துக்க வீட்டுக்காகக் குடும்பம் வேறு ஊர் போயிருந்தால் வாரக்கணக்கில் திரும்பாது. 'வரவில்லை' என்று எழுதி மூடாமல், எந்த ஊர் என்று பாட்டியிடம் கேட்டு அங்குள்ள கிளினிக்குக்குப் போன் போட்டு, டோஸையும் தேதியையும் சொல்லி, போட்டபின் மாநிலப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். இறந்தவரின் பெயரை மட்டும் அந்தப் போனில் சொல்லிவிட வேண்டாம்; பல பூர்வகுடிச் சமூகங்களில் அது தகாது.