பேரிடர் வருமுன்னே பதிவு: கலிஃபோர்னியாவில் மருத்துவத் தன்னார்வலராகச் சேர்வது

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கில் உதவ ஏராளமான டாக்டர்களும் நர்ஸ்களும் ஓடி வந்தார்கள். அவர்களில் பலரைப் பயன்படுத்த முடியவில்லை. வந்தவரின் லைசென்ஸ் உண்மையா, நடப்பில் உள்ளதா என்று அந்த நெருக்கடியில் சரிபார்க்க வழியில்லை. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. மாநிலங்கள் முன்பதிவுப் பட்டியல் வைக்கத் தொடங்கின. நியூயார்க்கில் அதன் பெயர் 'சர்வ்-என்ஒய்', கலிஃபோர்னியாவில் 'டிசாஸ்டர் ஹெல்த்கேர் வாலன்டியர்ஸ்'. இங்கே சொல்வது கலிஃபோர்னியா நடைமுறை.

ஆன்லைன் படிவத்தில் உட்காருமுன் லைசென்ஸ் எண், அது முடியும் தேதி, டிரைவிங் லைசென்ஸ், வேலை செய்யும் இடத்தின் முகவரி, இரண்டு அவசரத் தொடர்பு எண்கள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிரப்புவது எளிது. மாட்டிக்கொள்வது பெயரில்தான், அதிலும் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விசாவில் 'எஃப்என்யு' ('முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். டிரைவிங் லைசென்ஸில் அப்பா பெயர் கடைசியில் இருக்கும். லைசென்ஸ் தரும் நர்சிங் போர்டில் கணவர் பெயர் இருக்கும். பதிவேடு உங்கள் விவரத்தை லைசென்ஸ் போர்டின் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. எழுத்து மாறினால் சரிபார்ப்பு அப்படியே நிலுவையில் நின்றுவிடும். ஆகவே போர்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இடைவெளி முதற்கொண்டு, தட்டச்சு செய்யுங்கள். பெயரைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் போர்டில் திருத்துங்கள், பிறகு பதிவேட்டில். இரண்டு வாரம் கழித்துக் கணக்கைத் திறந்து, சரிபார்ப்பு முடிந்ததா என்று நீங்களே பாருங்கள்.

சரிபார்த்த பின் நான்கு நிலைகளில் ஒன்றில் வைப்பார்கள். மருத்துவமனையில் இப்போது பணியில் இருப்பவர் முதல் நிலை. கிளினிக், வீட்டுப் பராமரிப்பு போன்ற இடங்களில் நோயாளிகளைப் பார்ப்பவர் இரண்டாம் நிலை. செல்லுபடியாகும் லைசென்ஸ் மட்டும் இருப்பவர் மூன்றாம் நிலை. மாணவர்களும், லைசென்ஸை விட்டுவிட்ட ஓய்வு பெற்றவர்களும் நான்காம் நிலை. இதைத் தரவரிசையாக எடுத்துக்கொண்டு மனம் வருந்த வேண்டாம். யாரை எங்கே அனுப்பலாம் என்பதற்கான பிரிவு இது, அவ்வளவுதான். காட்டுத்தீ முகாமில் வருகைப் பதிவுக்கும் வயதானவர்களின் மருந்துப் பட்டியல் எழுதுவதற்கும் நான்காம் நிலைக்காரர் மிகவும் தேவைப்படுவார்.

படிவத்திலேயே உங்கள் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்றது) 'மெடிக்கல் ரிசர்வ் கோர்' என்ற உள்ளூர் மருத்துவத் தன்னார்வலர் பிரிவைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பயிற்சியும் பக்கத்து ஊர் வேலைகளும் அந்த வழியாகத்தான் வரும். பல பிரிவுகள் ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு நடத்தும் ஐஎஸ்-100, ஐஎஸ்-700 என்ற இலவச ஆன்லைன் பாடங்களைக் கேட்கும். அதற்கு முதலில் ஃபீமா மாணவர் எண் வாங்க வேண்டும். சான்றிதழைப் பிடிஎஃப் ஆகவே சேமித்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

பலர் தள்ளிப்போடுவது பேரிடர்ப் பணியாளர் உறுதிமொழியை. அதிகாரம் பெற்ற அலுவலர் முன்னிலையில் எடுத்துக் கையெழுத்திட வேண்டும். பணியில் காயம்பட்டால் கிடைக்கும் இழப்பீடு இந்தப் பதிவை ஒட்டியே வருகிறது. உங்கள் மருத்துவமனையின் தொழில்முறைக் காப்பீடு வெளியே செய்யும் தன்னார்வ வேலையைத் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் தாங்காது. பதிவு செய்ததாலேயே விடுப்பும் கிடைத்துவிடாது. எத்தனை நாள் விடுவார்கள் என்று மேலாளரிடம் இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

என்95 முகக்கவசப் பொருத்தச் சோதனை ஓராண்டுக்குத்தான் செல்லும், அதுவும் சோதித்த அதே மாடலுக்கும் அளவுக்கும் மட்டும். மாடல் பெயரைக் குறித்து வையுங்கள். டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, தட்டம்மை தடுப்பூசி விவரங்களை ஃபோனில் படமாக வைத்திருங்கள்.

கலிஃபோர்னியா நர்ஸ் லைசென்ஸ் பல மாநிலங்களுக்குப் பொதுவான ஒப்பந்தத்தில் இல்லை. வெளிமாநிலம் போவதென்றால் ஈமாக் என்ற மாநிலங்களுக்கிடையிலான உதவி ஒப்பந்தத்தின் கீழ் அரசு அனுப்ப வேண்டும். அப்போதுதான் இங்கத்திய லைசென்ஸ் அங்கே ஏற்கப்படும். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தானாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கூட வராது.

அழைப்பு மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வரும். முதல் செய்தி நீங்கள் வரமுடியுமா என்று கேட்பது மட்டுமே. எங்கே, எப்போது, யாரிடம் ஆஜராக வேண்டும் என்ற உத்தரவு தனியாக வரும்; அது வரும்வரை வீட்டிலேயே இருங்கள். போகும்போது அரசு புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். வர இயலாவிட்டால் 'இல்லை' என்றாவது உடனே பதில் போடுங்கள். ஒருங்கிணைப்பாளர் அடுத்தவரைக் கூப்பிட அதுதான் தேவை.